தோல் அட்டை போட்ட பழைய ஆங்கிலக் கவிதை நூல்கள்: சேகரிக்கத் தொடங்குபவர்களுக்கு

தோல் அட்டை இருந்தாலே முதல் பதிப்பு என்று நினைத்துப் பணத்தைக் கொட்டாதீர்கள். 1820இல் ஆங்கிலக் கவிஞர் கீட்ஸின் கடைசித் தொகுப்பு காகிதம் ஒட்டிய சாதாரண அட்டையில்தான் விற்பனைக்கு வந்தது. அந்தக் காலத்தில் தோல் கட்டு என்பது பெரும்பாலும் வாங்கியவர் பிறகு தன் செலவில் போட்டுக்கொள்வது. எந்தப் பதிப்பு என்பதைத் தலைப்புப் பக்கத்தில் பாருங்கள், அட்டையில் அல்ல.

முதல் படி: விக்டோரியா காலத்துப் பள்ளிப் பரிசு நூல்களில் தொடங்குங்கள். டென்னிசன், மில்டன், ஸ்காட் போன்ற கவிஞர்களின் நூல்கள் எல்லாம் கன்றுத்தோல் கட்டில், முன்னட்டையில் தங்க நிறத்தில் பள்ளிச் சின்னத்தோடு கிடைக்கும். உள்ளே பரிசுச் சீட்டு ஒட்டியிருக்கும். மாணவர் பெயர், பாடம், ஆண்டு எல்லாம் அதில் உண்டு. அதற்காகவே எனக்கு இவை மிகவும் பிடிக்கும். லண்டனில் பழைய புத்தகக் கடைகள் நிறைந்த செசில் கோர்ட் தெரு, வேல்ஸ் எல்லையில் உள்ள ஹே-ஆன்-வை ஊர்க் கடைகள் தேட நல்ல இடங்கள்.

இரண்டாம் படிதான் முக்கியம்: தோலைச் சோதிப்பது. அட்டையும் முதுகும் சேரும் மடிப்பைப் பாருங்கள். முதலில் விரிசல் விடுவது அந்த இடம்தான். அப்புறம் முதுகை விரலால் மெல்லத் தடவுங்கள். செம்பழுப்புப் பொடி ஒட்டினால் தோல் சிதையத் தொடங்கிவிட்டது என்று அர்த்தம். 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் பதனிட்ட தோலில் இது அதிகம். நிலக்கரிப் புகையிலும் எரிவாயு விளக்கிலும் இருந்த கந்தகம் தோலுக்குள் அமிலமாக மாறியதன் விளைவு. எண்ணெயோ பாலிஷோ தடவினால் சரியாகாது. ஆல்கஹாலில் கரைத்த க்ளூசெல்-ஜி என்ற செல்லுலோஸ் வகைப் பொருளைப் பூசினால் பொடி உதிர்வது அடங்கும், ஆனால் போன வலு திரும்பாது. கன்றுத்தோலைவிட மொராக்கோ எனப்படும் வெள்ளாட்டுத்தோல் நெடுநாள் தாங்கும். கையில் காசு இருந்தால் அதையே எடுங்கள்.

மூன்றாவது, பக்கங்களை ஒவ்வொன்றாகப் புரட்டுங்கள். மறுகட்டு செய்யும்போது தலைப்புப் பக்கத்துக்கு முன்னால் வரும், நூலின் பெயர் மட்டும் உள்ள பாதித் தலைப்புத் தாளை எடுத்துவிடுவதும், ஓரங்களை வெட்டிவிடுவதும் சகஜம். அட்டையின் உள்விளிம்பில் பொடி எழுத்தில் ரிவியேர், சங்கோர்ஸ்கி-சட்கிளிஃப் போன்ற கட்டுநரின் பெயர் அச்சாகி இருந்தால் மதிப்பு கூடும்.

வீட்டில் வெயிலும் ஈரமும் படாத அலமாரி போதும். எடுக்கும்போது முதுகின் மேல் நுனியைப் பிடித்து இழுக்காதீர்கள். இருபுறமும் உள்ள நூல்களைச் சற்று உள்ளே தள்ளி, நடுவில் பிடித்து எடுங்கள்.