குதிரையின் குளம்பைக் கவனிக்க வேண்டியவர் யார்?

குதிரை நொண்டத் தொடங்கியபின், உரிமையாளர் பராமரிப்பாளரையும் பராமரிப்பாளர் லாடம் அடிப்பவரையும் குறை கூறுவது எல்லா லாயங்களிலும் நடப்பதுதான். லாடம் அடிப்பவர் 4 முதல் 6 வாரங்களுக்கு ஒருமுறை வருகிறார். கால்நடை மருத்துவரோ அழைத்தால் மட்டுமே வருகிறார். குளம்புக்குள் சீழ் கட்டினால், நேற்று நன்றாக நடந்த குதிரை இன்று ஒரு காலைத் தரையில் ஊன்ற மறுக்கலாம். ஆகவே, முதலில் கண்டறியும் பொறுப்பு நாள்தோறும் குளம்பைக் கையில் எடுப்பவருடையது; அவருக்கு அதைக் கற்றுக்கொடுத்து, தயங்காமல் சொல்லும் உரிமையையும் அளிப்பது உரிமையாளரின் கடமை. கண்டதைச் சொன்னதற்காக ஒருமுறை கடிந்துகொண்டால், அடுத்தமுறை அவர் வாய் திறக்கமாட்டார்.

குளம்பைச் சுரண்டியால் குதிகாலிலிருந்து முன்முனையை நோக்கிச் சுத்தம் செய்ய வேண்டும். அடியில் உள்ள முக்கோணப் பகுதியின் பள்ளங்களில் கறுத்த கசிவும் துர்நாற்றமும் இருந்தால், அது அழுகல் தொடங்கியதன் அடையாளம்; தென்னாப்பிரிக்காவின் குவாசுலு-நட்டால் மாகாணத்தின் ஈரமான கோடையில், நனைந்த படுக்கையில் நிற்கும் குதிரைகளுக்கு இது எளிதில் வரும். வெடிப்பு, தளர்ந்த ஆணி, நகர்ந்த லாடம் ஆகியவற்றையும் பார்த்தபின், நான்கு குளம்புகளையும் உள்ளங்கையால் தொட்டு ஒப்பிட வேண்டும். வெயிலில் நின்ற குளம்பு இயல்பாகவே சூடாக இருக்குமாதலால், இதை விடியற்காலையில் செய்வது நல்லது. பின்னர், குளம்புக்குச் சற்று மேலே உள்ள கணுமூட்டின் பின்பக்க ஓரத்தில் விரலை வைத்து நாடித்துடிப்பை உணர வேண்டும். நலமான காலில் அது மெல்லியதாகவே இருக்கும், சில வேளைகளில் தேடித்தான் பிடிக்க வேண்டியிருக்கும். நலமாக இருக்கும் நாட்களிலேயே பழகிக்கொள்ளாத விரலுக்கு மாற்றம் புலப்படாது.

ஒரு காலில் மட்டும் துடிப்பு ஓங்கியிருந்தால் சீழோ காயமோ இருக்கலாம். இரு முன்னங்கால்களிலும் துடிப்பு ஓங்கி, குதிரை எடையைப் பின்னால் சாய்த்து நின்றால் லாமினைட்டிஸ் (குளம்பின் உட்திசு அழற்சி) என ஐயுற்று, அதை நடக்கவிடாமல் உடனே மருத்துவரை அழைக்க வேண்டும். குதிரை மிதித்த ஆணி குளம்பில் ஏறியிருந்தால், மேலும் ஆழமாக இறங்கும் அபாயம் இல்லாதவரை அதைப் பிடுங்கக் கூடாது; அது எவ்வளவு தூரம் சென்றுள்ளது என்பதை மருத்துவர் எக்ஸ்ரே எடுத்துப் பார்க்க வேண்டும். லாடம் அடித்த ஓரிரு நாளில் வலி தோன்றினால் லாடம் அடித்தவரையே முதலில் அழைக்கலாம்.

கண்டறிவது வேறு, நோயை உறுதிசெய்து மருந்து கொடுப்பது வேறு. தென்னாப்பிரிக்காவில் பின்னது, 1982-ஆம் ஆண்டின் 19-ஆம் எண் சட்டத்தின்படி பதிவுபெற்ற கால்நடை மருத்துவருக்குரிய பணி. லாடம் அடிப்பவர் எவ்வளவு அனுபவசாலியாக இருந்தாலும், அவருடைய கருத்தை மருத்துவரிடம் சேர்ப்பதோடு நிறுத்திக்கொள்ள வேண்டும்.

குதிரையைக் கட்டணத்துக்குப் பிறருடைய லாயத்தில் விட்டிருப்பவர்கள், தினமும் குளம்பைப் பார்ப்பவர் யார், அவர் விடுப்பில் இருந்தால் பார்ப்பவர் யார், உரிமையாளர் தொலைபேசியில் கிடைக்காதபோது எத்தனை ராண்டு செலவு வரை லாயத்தாரே மருத்துவரை அழைக்கலாம் என்பவற்றை ஒப்பந்தத்திலேயே எழுதிக்கொள்ள வேண்டும்.