தூளியிலிருந்து பாய்க்கு: குழந்தையைத் தூங்கப் பழக்க ஒரு பழைய சேலைத் துண்டு

பதின்மூன்றாவது மாதத்தில் என் மகள் தூளித் துணியைப் பிடித்துக்கொண்டு எழுந்து நிற்க ஆரம்பித்தாள். அன்றே தூளியைக் கழற்றிவிட்டோம். பாயில் படுக்கவைத்தால் என் முந்தானையைக் கையில் சுருட்டிக்கொண்டுதான் கண்ணை மூடுவாள். நான் மெல்ல உருவினால் விழித்துவிடுவாள். கரடி பொம்மை ஒன்று வாங்கிக் கொடுத்தேன். அதன் கண்ணை நோண்டிப் பார்த்துவிட்டு எறிந்துவிட்டாள். சரி, அவளுக்கு வேண்டியது முந்தானைதான், அதில் கொஞ்சத்தை வெட்டிக் கொடுத்துவிடுவோம் என்று தோன்றியது.

முதலில் வயது

ஒரு வயது முடியும் முன் குழந்தை தூங்கும் இடத்தில் துணி, பொம்மை, தலையணை எதுவுமே கூடாது. முகத்தில் துணி விழுந்தால் விலக்கத் தெரியாது, மூச்சு முட்டிவிடும். அமெரிக்கக் குழந்தை மருத்துவ அகாதமி 2022-இல் புதுப்பித்த வழிகாட்டுதலும் இதைத்தான் சொல்கிறது. ஏழெட்டு மாதத்தில் மடியில் வைத்துக்கொண்டு விளையாடக் கொடுக்கலாம், தூங்கியதும் எடுத்துவிட வேண்டும். குறைமாதத்தில் பிறந்த குழந்தை என்றால் மருத்துவரைக் கேட்டுவிட்டுத் தொடங்குங்கள். தூளிக்குள் மட்டும் எந்த வயதிலும் போடாதீர்கள். அங்கே ஏற்கெனவே இரண்டு பக்கமும் துணிதான்.

துணியும் தையலும்

பல வருஷம் உடுத்தித் துவைத்து மெத்தென்று ஆன நூல் சேலை வேண்டும். நான் எடுத்தது ஒரு பழைய சுங்குடி. ஜரிகை உறுத்தும், பாலியெஸ்டர் எச்சிலை உறிஞ்சாது. நனைத்த வெள்ளைத் துணியால் அழுத்தித் தேய்த்துப் பாருங்கள், சாயம் ஒட்டினால் அந்தச் சேலை வேண்டாம். எப்படியும் வாயில் வைக்கத்தான் போகிறது.

ஒன்றரை ஜாண் சதுரம், அதாவது சுமார் 30 சென்டிமீட்டர் போதும். பெரிதாக இருந்தால் கழுத்தில் சுற்றிக்கொள்ளும். ஒரே சேலையில் இரண்டு துண்டு வெட்டுங்கள். ஏன் இரண்டு என்று பிறகு சொல்கிறேன்.

ஓரத்தை இரண்டு மடிப்பாக மடித்து மிஷினில் நெருக்கமாகத் தைக்க வேண்டும். இதில் சோம்பல் படாதீர்கள். பிரிந்து தொங்கும் ஒற்றை நூல் குழந்தையின் விரலில் சுற்றி இறுகினால் ரத்த ஓட்டம் நின்றுவிடும். விரல் வீங்கிச் சிவந்த பிறகுதான் நம் கண்ணில் படும். வாரம் ஒருமுறை ஓரத்தை விரலால் தடவிப் பார்த்து, பிசிறு இருந்தால் ஒட்ட நறுக்கிவிடுவேன். குஞ்சம், நாடா, பட்டன், மணி எதுவும் வேண்டாம்.

பழக்குவது

இரண்டு துண்டையும் இரண்டு இரவு என் தலையணை உறைக்குள் வைத்திருந்தேன். வாசனை ஏறாத துணி குழந்தைக்கு வெறும் துணிதான்.

அப்புறம் படுக்கும் நேரத்து வேலைகளோடு சேர்த்துவிட வேண்டும். எங்கள் வீட்டில் கால் கழுவி, பால் குடித்து, விளக்கணைத்து, ஒரு தாலாட்டு. பால் குடிக்கும்போதே துண்டு அவள் கைக்கும் என் வயிற்றுக்கும் நடுவில் இருக்கும். கண் சொக்கும் நேரத்தில் முந்தானையை உருவிவிட்டு, துண்டின் மூலையை அந்த விரல்களுக்குள் வைப்பேன்.

முதல் சில நாள் வீசினாள். திரும்பத் திரும்பத் திணிக்காமல் பக்கத்தில் போட்டுவிட்டு இருந்தேன். ஒன்பதாம் இரவு இருட்டில் பாயைத் தடவும் சத்தம் கேட்டது. துண்டைத் தேடி எடுத்து, தையல் ஓரத்தைக் கட்டைவிரலால் நெருடிக்கொண்டே தூங்கிப்போனாள்.

இரண்டு வாரம் பொறுங்கள். பசி, பல் முளைக்கும் வலி, காது வலி இதற்கெல்லாம் துணி மருந்தில்லை. சில குழந்தைகள் எதையுமே பிடிக்காமல் தூங்கும், அதிலும் தவறில்லை.

துவைப்பது

இங்கேதான் எங்களுக்கு இடி விழுந்தது. ஒருநாள் அத்தை துண்டை எடுத்து வாசனைப் பவுடரில் ஊறவைத்துத் துவைத்துவிட்டார். "கரித்துணி மாதிரி கெடந்துச்சும்மா, அதான்" என்றார். அவரைச் சொல்லிக் குற்றமில்லை, பார்க்க அப்படித்தான் இருந்தது. அன்றிரவு ஒரு மணிவரை யாரும் தூங்கவில்லை. பிரிட்டிஷ் குழந்தை மருத்துவர் டொனால்ட் வின்னிகாட் 1953-இல் வெளியான கட்டுரையிலேயே, இப்படிப்பட்ட பொருள் அழுக்காகி நாறினாலும் தாய் விட்டுவைப்பாள், துவைத்தால் குழந்தைக்கு ஒரு தொடர்ச்சி அறுந்துபோகும் என்று எழுதியிருக்கிறார். நமக்கு விடிய விடிய உட்கார்ந்தால்தான் புரிகிறது!

அதற்குத்தான் இரண்டு துண்டு. முதல் நாளிலிருந்தே மாற்றி மாற்றிக் கொடுங்கள், இரண்டும் ஒன்றுபோலப் பழையதாகும். ஒன்று குழந்தையிடம் இருக்கும்போது மற்றதை வாசனையில்லாத சோப்பில் அலசி, வெயிலில் காயவைத்து, ஓர் இரவு உங்கள் தலையணை உறைக்குள் போட்டுவிடுங்கள். வெட்டியது போக மிச்சமிருக்கும் சேலையையும் பீரோவில் மடித்து வையுங்கள். எங்கள் துண்டுகளில் ஒன்று பஸ்ஸிலேயே போய்விட்டது.