கைக்குழந்தையோடு தெருவில் இருக்கும் சின்னப் பிள்ளைக்கு எப்படி உதவலாம்

யாழ்ப்பாணம் பஸ் ஸ்ராண்டிலோ ஆஸ்பத்திரி வீதியிலோ ஒரு பிள்ளை கைக்குழந்தையோடு குந்தியிருக்கிறாள், அவளுக்கே 16, 17 தாண்டியிருக்காது. நம்மில் பாதிப்பேர் சில்லறையைப் போட்டுவிட்டு நடப்போம், மற்றவர்கள் "பிள்ளை பிடிகாரியோ" என்று போட்டோ எடுத்து பேஸ்புக்கில் போடுவார்கள். அந்த இரண்டாவது வேலையைத் தயவுசெய்து செய்யாதீர்கள். வீட்டில் அடிக்குப் பயந்து வந்தவள் என்றால், அந்தப் போட்டோவைப் பார்த்துத் தேடி வரப்போகிற முதல் ஆளே அடித்தவன்தான்.

கதைக்கப் போவது பெண்ணாக இருப்பது நல்லது. ஆணென்றால் வீட்டில் ஒருவரைக் கூட்டிக்கொண்டு போங்கள், நிழலான ஆனால் ஆக்கள் பார்க்கிற இடமாகப் பார்த்து இருங்கள். எந்த ஊர், ஆரின்ர பிள்ளை, புருஷன் எங்கே என்று நம் ஊர் வாய் தானாகக் கேட்கும், அதை அடக்குங்கள். "சாப்பிட்டியே பிள்ளை?" போதும். பணிசும் பிளேன்ரீயும் அல்ல, முட்டையோ மீனோ வைத்த சோற்றுப் பார்சலும் ஒரு பெரிய போத்தல் தண்ணீரும் கொடுங்கள், பால் கொடுக்கிற உடம்பு அது.

அடுத்து எல்லாரும் செய்வது பால்மா டின் வாங்கிக் கொடுப்பது. மனசு நல்லதுதான், ஆனால் கொதித்தாறிய தண்ணீரும் போத்தலை அவிக்க ஒரு அடுப்பும் இல்லாத இடத்தில் அந்த டின்னே குழந்தைக்கு வயிற்றோட்டத்தைக் கொண்டுவரும், டின் முடிகிற நேரம் தாய்ப்பாலும் வற்றியிருக்கும். "எனக்குப் பால் வருதில்லை அக்கா" என்று அவள் சொன்னால், பெரும்பாலும் பால் இல்லாமல் அல்ல, நாலு பேர் பார்க்கிற இடத்தில் சட்டையைத் திறக்க வெட்கப்பட்டு அடிக்கடி கொடுக்காமல் விடுவதுதான் காரணம். உங்கள் கடையின் பின்பக்கம் ஒரு கதிரை போட்டுக் கொடுங்கள், டின்னை விட அது பெரிய உதவி. பிறந்த குழந்தைக்கு ஒரு நாளில் 8 முதல் 12 தடவை கொடுக்கவேண்டும், முதல் கிழமை கடந்தபிறகு 6 தடவையாவது சலம் போனால் பால் காணுது என்று அர்த்தம். 6 மாதம் வரை, நம் வெயிலிலும், தனியாகத் தண்ணீர் தேவையில்லை. ஏற்கனவே பால் வற்றி மாவில்தான் குழந்தை வளருது என்றால் அதை நிறுத்தச் சொல்லாதீர்கள், கொதித்தாறிய தண்ணீரும், போத்தலுக்குப் பதில் கழுவ லேசான சின்னக் கோப்பையும் தினமும் கிடைக்க வழி பாருங்கள்.

3 மாதத்துக்குட்பட்ட குழந்தைக்கு உடம்பு சுட்டால், பால் உறிஞ்சாமல் விட்டால், மூச்சு வாங்கினால், உச்சி குழிந்தால் காத்திருக்கவேண்டாம், 1990க்கு அடியுங்கள், அம்புலன்ஸ் இலவசம். தாய்க்குக் காய்ச்சல், நிற்காத இரத்தப்போக்கு, கடும் தலையிடி என்றாலும் அப்படித்தான். கார்த்திகை மார்கழி மழையோடு டெங்கும் வரும் என்பதால் சின்ன நுளம்பு வலை ஒன்றும் வாங்கிக் கொடுங்கள்.

சரி, அப்புறம் பேப்பர் வேலை. அவள் படுக்கிற பகுதியின் சுகாதார வைத்திய அதிகாரி பணிமனைக்குப் போய்க் குடும்பநல உத்தியோகத்தரிடம், அதுதான் மிட்வைஃபிடம், சொல்லுங்கள். குழந்தையின் வளர்ச்சிப் பதிவேடு கையில் இருக்கிறதா என்று பார்ப்பார், 2, 4, 6 மாத ஊசிகளும் 9 மாதத்தில் சின்னமுத்து ஊசியும் இலவசம், தாய்க்குத் திரிபோஷா என்ற சத்துமாவும் கேட்கலாம். பிறப்பை 42 நாளுக்குள் பதியவேண்டும், 3 மாதம் தாண்டினால் காலங்கடந்த பதிவு என்று அலைச்சல் கூடும். தகப்பன் பேர் இல்லாமலும் பதியலாம். இது தெரியாமல்தான் பல இளம் தாய்மார் பதிவாளர் பக்கமே போவதில்லை.

ஒன்றை மட்டும் அவளுக்கு மறைக்காதீர்கள். 16 வயதுக்குள் கர்ப்பமானவள் என்றால், அவள் சம்மதித்திருந்தாலும் சட்டத்தில் அது பாலியல் வல்லுறவு, ஆஸ்பத்திரிக்குப் போனதும் பொலிசுக்குத் தகவல் போகும். ஏமாற்றிக் கூட்டிக்கொண்டு போனால் இடைவழியில் குழந்தையோடு ஓடிவிடுவாள், பிறகு உங்களை மட்டுமல்ல, மிட்வைஃபையும் நம்பமாட்டாள். முன்கூட்டியே சொல்லி, கூட இருப்பேன் என்று சொல்லி, அப்படியே இருங்கள்.

தங்க இடத்துக்குப் பிரதேச செயலகத்தில் சிறுவர் உரிமை மேம்பாட்டு உத்தியோகத்தரைக் கேளுங்கள், இரவு நேரமென்றால் சிறுவர்களுக்கான 1929க்கு அல்லது பெண்களுக்கான 1938க்கு அடியுங்கள். கேட்கும்போது "தாயையும் பிள்ளையையும் சேர்த்து வைக்கிற இடம்" என்று வாய்விட்டுக் கேளுங்கள், கேட்காவிட்டால் ஆளுக்கொரு இல்லமாகப் பிரித்துவிடக்கூடும். சிறுவர் விஷயங்களைப் பார்க்கிற நன்னடத்தை உத்தியோகத்தர் நீதிமன்றத்துக்கு அறிக்கை கொடுக்கும்போதும் இதையே சொல்லுங்கள்.

இதற்கிடையில் "பிள்ளையைத் தா, நாங்கள் வளர்க்கிறம்" என்று காசோடு யாராவது வருவார்கள், நல்ல குடும்பமாகவே இருக்கலாம். நீதிமன்றக் கட்டளை இல்லாமல் தத்து இல்லை, காசுக்குப் பிள்ளை மாறினால் அது குற்றம், வாங்கினவருக்கும் இடையில் நின்றவருக்கும். அப்படி யாரும் கதைத்தால் அன்றைக்கே 1929க்குச் சொல்லுங்கள்.