கெய்ச்சௌசாரஸ் புதைபடிவம் அசலா, போலியா? சோதித்துப் பார்க்கும் முறை

சுமார் 24 கோடி ஆண்டுகளுக்கு முன் கடலில் வாழ்ந்த கெய்ச்சௌசாரஸ், நீண்ட கழுத்துள்ள சிறிய ஊர்வன. சீனாவின் குய்ச்சௌ மாகாணத்தில் 1957-இல் கண்டெடுக்கப்பட்டு, மறு ஆண்டே பெயர் சூட்டப்பட்டது. பெரும்பாலானவை 15 முதல் 30 செ.மீ. நீளம்தான். சின்னக் கற்பலகையில் முழு எலும்புக்கூடும் அடங்கிவிடுவதால் விலைபோவது எளிது. போலிகளும் அதனாலேயே பெருகின.

தேவையானவை: 10 மடங்கு லென்ஸ், டார்ச், அசிட்டோன் (வண்ணத்தையும் பசையையும் கரைக்கும் திரவம்), பஞ்சுக்குச்சி.

அறை விளக்கை அணைத்துவிட்டு, டார்ச்சைப் பலகையோடு படுக்கவைத்து அடியுங்கள். எலும்பின் ஓரத்தை லென்ஸில் பாருங்கள். அசலில் எலும்பின் நிறமும் பளபளப்பும் கல்லிலிருந்து வேறுபடும். ரெசின் வார்ப்பில் (செயற்கைப் பிசினை அச்சில் ஊற்றிச் செய்த போலியில்) இரண்டும் ஒரே பரப்பாக ஓடும். ஊசிமுனை அளவில் வட்டக் குழிகள் இருந்தால் அவை வார்க்கும்போது சிக்கிய காற்றுக்குமிழ்கள். கல்லில் ஓடும் விரிசல் எலும்பையும் பிளந்துகொண்டு போகவேண்டும். விளிம்பிலேயே நின்றால், அந்த எலும்பு பிறகு ஒட்டியதாகவோ பூசியதாகவோ இருக்கலாம். கழுத்தைச் சுற்றிக் கல்லின் நிறம் மாறுகிறதா என்றும் பாருங்கள். வேறொன்றின் தலையை ஒட்டும் இடம் அதுதான்.

முன்கையை நிதானமாகப் பார்க்கவேண்டும். அங்குள்ள இரண்டு எலும்புகளில் அல்னா தட்டையாக அகன்றிருக்கும், ரேடியஸ் மெலிந்திருக்கும். இரண்டும் ஒரே தடிமனில் இருந்தால், கல்லில் செதுக்கிய போலியோ என்று சந்தேகப்படுங்கள். ஆனால் குட்டிகளில் அல்னா அவ்வளவு அகன்றிருக்காது; இதை மட்டும் வைத்துத் தீர்ப்பு எழுதாதீர்கள்.

அடுத்து அசிட்டோன். ஜன்னலைத் திறந்து, நெருப்பு அருகில் இல்லாமல், வால்நுனியில் 1 செ.மீ. மட்டும் துடையுங்கள். தலையைத் தொடவே கூடாது. பஞ்சு கறுத்தால் உடனே போலி என்று முடிவுகட்ட வேண்டாம்: அசலிலும் உடைந்த இடங்களை நிரப்பி வண்ணம் பூசுவார்கள், எலும்பைக் காக்கப் பூசிய பிசினும் கரையும். வண்ணத்துக்கு அடியில் எலும்பு இருக்கிறதா, வெறும் கல்லா என்பதே கேள்வி.

உருகி நாறினால் போலி என்று சுட்ட ஊசியால் குத்திப் பார்க்கும் பழக்கம் வேண்டாம். அசலில் ஒட்டிய பசையும் உருகி நாறும்; எலும்பில் தழும்பும் விழும்.

இத்தனைக்கும் முன்பே கேட்கவேண்டியது ஏற்றுமதி அனுமதிப் பத்திரம். அனுமதியின்றிப் புதைபடிவங்களை வெளியே கொண்டுபோவது சீனச் சட்டப்படி குற்றம். பத்திரம் இல்லையென்றால், எலும்பு எவ்வளவு அசலாக இருந்தாலும் வாங்காதீர்கள். வகுப்பில் காட்டத்தான் வேண்டுமென்றால், வார்ப்பு என்று சொல்லியே விற்கும் பிரதி போதும்.