எம்ஆர்ஐ அறையில் குழந்தைக்கு மயக்க மருந்து: முதல் ஊசிக்கு முன்பே முடிக்க வேண்டியவை

ஆபரேஷன் தியேட்டரில் ஒரு குழந்தையின் மூச்சு நின்றால் வேண்டியதெல்லாம் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கும். பக்கத்து அறையிலேயே இன்னொரு மயக்க மருத்துவர் இருப்பார். எம்ஆர்ஐயில் குழந்தை குழாய்க்குள் கிடக்கும், நீங்கள் கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நிற்பீர்கள், உதவி இரண்டு மாடி தள்ளி இருக்கும். இங்கே பாதுகாப்பின் பெரும்பகுதி முதல் ஊசிக்கு முன்பே தீர்மானமாகிவிடுகிறது.

பெற்றோரிடம் "சாப்பிட்டானா?" என்று கேட்டால் "இல்லை" என்றுதான் பதில் வரும். பாலும் ஒரே ஒரு பிஸ்கட்டும் பலருக்குச் சாப்பாட்டுக் கணக்கில் சேராது. "கடைசியாக வாய்க்குள் போனது என்ன, எத்தனை மணிக்கு?" என்று கேளுங்கள். தெளிந்த நீருக்கு 2 மணி நேரம், தாய்ப்பாலுக்கு 4, பசும்பால், பவுடர் பால், கஞ்சி, இட்லிக்கு 6, எண்ணெய்ப் பலகாரத்துக்கு 8 மணி நேர இடைவெளி வேண்டும். ஸ்கேன் தள்ளிப்போனால் பட்டினியையும் நீட்டிக்கொண்டே போகாதீர்கள். இரண்டு மணி நேரத்துக்கு மேல் தாமதம் என்றால் சர்க்கரைத் தண்ணீர் கொடுத்துவிட்டு நேரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள்.

காய்ச்சல், மஞ்சள் சளி, மூச்சிழுப்பு இருந்து, ஸ்கேன் அவசரமில்லை என்றால் குறைந்தது இரண்டு வாரம் தள்ளிவையுங்கள். குறட்டை விடும் குழந்தைக்கு மயக்கத்தில் மூச்சுப்பாதை அடைபடும் வாய்ப்பு அதிகம். அதை முன்பே கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும்.

அன்றைக்கே எடை பாருங்கள். பழைய சீட்டில் உள்ள எடையை நம்ப வேண்டாம். மருந்து அளவுகளை மில்லிலிட்டரில் எழுதி ட்ராலியில் ஒட்டுங்கள், ஏனென்றால் குழந்தை நீலமாகும்போது யாருக்கும் கணக்கு வராது. 15 கிலோ குழந்தைக்கு இப்படி: மயக்கம் தரும் புரோபஃபால் கிலோவுக்கு 2 மி.கி. என்றால் 30 மி.கி., அதாவது 10 மி.கி./மி.லி. குப்பியில் 3 மி.லி. தசையைத் தளர்த்தும் சக்சினைல்கோலின் கிலோவுக்கு 2 மி.கி., 50 மி.கி./மி.லி. குப்பியில் 0.6 மி.லி. இதயத்துடிப்பு குறையாமல் காக்கும் அட்ரோபின் 0.3 மி.கி., 0.6 மி.கி. ஆம்பியூலில் பாதி. இதயம் நின்றால் கொடுக்கும் அட்ரினலின் 150 மைக்ரோகிராம், 1:10,000 கரைசலில் 1.5 மி.லி.

ஆக்சிஜனையும் கணக்குப் போடுங்கள். சிலிண்டரின் கொள்ளளவை அழுத்தத்தால் பெருக்கினால் போதும். 4.7 லிட்டர் சிலிண்டர் 100 பாரில் இருந்தால் சுமார் 470 லிட்டர். நிமிடத்துக்கு 10 லிட்டர் ஓடினால் முக்கால் மணி நேரத்தில் காலி. சளியை உறிஞ்சும் சக்ஷன் குழாயின் நுனியில் கட்டைவிரலை வைத்து இழுக்கிறதா என்று பாருங்கள். சரியான அளவு மாஸ்க்கையும் பையையும் எடுத்து ஒருமுறை அமுக்கிப் பாருங்கள்.

காந்தம் ஒருபோதும் அணைவதில்லை. ஸ்கேன் ஓடாத நேரத்திலும் அதே வேகத்தில் இரும்பை இழுக்கும். 2001இல் நியூயார்க் மாநிலத்தில் மயக்கத்தில் இருந்த 6 வயதுச் சிறுவனுக்காக அறைக்குள் கொண்டுவந்த ஆக்சிஜன் சிலிண்டர் அவன் மேலேயே பாய்ந்து அவன் இறந்தான். 2018இல் மும்பையில் சிலிண்டரைச் சுமந்து உள்ளே போன ஒரு நோயாளியின் உறவினர் உயிரிழந்தார். உள்ளே போகும் சிலிண்டர் அலுமினியமாகவும் எம்ஆர்ஐக்கு ஏற்றது என்று குறியிடப்பட்டதாகவும் இருக்க வேண்டும். தொண்டைக்குள் பார்க்க உதவும் சாதாரண லாரிஞ்சோஸ்கோப் கதவுக்கு வெளியேதான், மீட்பு ட்ராலியோடு.

உள்ளே படுக்கவைக்கும்போது தோளுக்கடியில் சிறு துணிச்சுருள் வையுங்கள். அதுவே பல அடைப்புகளைத் தவிர்க்கும். காதுக்கு அடைப்பான் வைக்க மறக்காதீர்கள். மானிட்டர் ஒயரைச் சுருட்டிப் போடாதீர்கள், தோலில் நேராகப் படவும் விடாதீர்கள், சூடேறிச் சுட்டுவிடும். புரோபஃபாலைத் தொடர்ந்து ஓட்டுவதானால் கிலோவுக்கு நிமிடம் 100 முதல் 200 மைக்ரோகிராம் வரை போதும்.

இப்போது கண்ணை எதில் வைப்பது? பலர் இரத்தத்தின் ஆக்சிஜன் அளவைக் காட்டும் சாச்சுரேஷன் எண்ணைப் பார்த்து நிம்மதி அடைகிறார்கள். ஆக்சிஜன் ஓடிக்கொண்டிருக்கும் குழந்தைக்கு மூச்சு நின்ற பிறகும் அந்த எண் சிறிது நேரம் 98லேயே நிற்கும். விழ ஆரம்பித்தால் தடதடவென விழும். குழந்தையின் உடல், எடைக்கு ஏற்பப் பார்த்தால் பெரியவர்களைப் போல ஏறத்தாழ இரு மடங்கு ஆக்சிஜனைச் செலவழிக்கிறது, நுரையீரலில் இருப்போ குறைவு. அடைப்பை முதலில் சொல்வது, வெளிவிடும் மூச்சிலுள்ள கார்பன் டை ஆக்சைடைக் காட்டும் கேப்னோகிராஃபின் அலைதான். அலை தட்டையானால் எண் என்ன காட்டினாலும் ஸ்கேனை நிறுத்துங்கள். நீளமான குழாய் வழியாக வாயு வருவதால் அலை சில வினாடிகள் பின்தங்கும். மார்பு அசைவையும் கேமராவில் பாருங்கள். இதைப் பார்ப்பவருக்கு வேறு எந்த வேலையும் தரக்கூடாது. ஸ்கேன் ஓட்டும் டெக்னீஷியனிடம் "கொஞ்சம் பார்த்துக்கோங்க" என்று விட்டுப்போவதைப் போன்ற ஆபத்து வேறில்லை.

அடைப்பு வந்தால் மேசையை வெளியே இழுத்து, மருந்தை நிறுத்தி, தாடையை முன்னே தூக்குங்கள். பெரும்பாலும் இதிலேயே சரியாகும். தொண்டை இறுகிக்கொண்டால் மாஸ்க்கை இறுக்கிப் பிடித்து 100 சதவீத ஆக்சிஜனைத் தொடர் அழுத்தத்தில் கொடுங்கள். விடவில்லை என்றால் புரோபஃபால் கிலோவுக்கு 0.5 முதல் 1 மி.கி. அதற்கும் இளகாவிட்டால் சக்சினைல்கோலினும் அட்ரோபினும். நரம்பு ஊசி கழன்றுவிட்டால் சக்சினைல்கோலினைத் தசையில் கிலோவுக்கு 4 மி.கி. போடலாம். இதயம் நின்றால் மார்பை அமுக்கத் தொடங்கி, அமுக்கிக்கொண்டே குழந்தையை வெளியே கொண்டுவாருங்கள், கதவைச் சாத்துங்கள், மீதி எல்லாம் வெளியேதான். பதற்றத்தில் உள்ளே ஓடிவருபவர் கையில் கத்தரிக்கோல் இருக்கும். காந்தத்தைக் குளிர்விக்கும் ஹீலியத்தை வெளியேற்றும் குவெஞ்ச் பொத்தானை அழுத்திக் காந்தத்தை அணைக்க நினைக்காதீர்கள். அதற்கு ஒரு நிமிடத்துக்கு மேல் ஆகும், வெளியேறும் ஹீலியம் கசிந்தால் அறையில் ஆக்சிஜனே இருக்காது.

ஸ்கேன் முடிந்ததும் கவனம் தளரும், ஆனால் தூண்டுதல் இல்லாத அந்த அமைதியில்தான் குழந்தை மறுபடி ஆழ்ந்து போகும். தூங்கவைக்கும் ட்ரைக்ளோஃபாஸ் சிரப் கொடுத்த குழந்தைக்கு மயக்கம் பல மணி நேரம் நீடிக்கும். மருந்தை முறித்த பிறகும் இதே கதைதான், முறிக்கும் மருந்தான ஃப்ளுமசெனிலின் வேலை, அது முறிக்க வேண்டிய மயக்க மருந்தான மிடசோலத்துக்கு முன்பே முடிந்துவிடும். யாரும் தொடாமல் விட்டாலும் 20 நிமிடம் விழித்திருந்தால்தான் அனுப்பலாம். தூங்கும் குழந்தையைப் பைக்கில் நடுவே உட்காரவைத்துக் கூட்டிப்போக விடாதீர்கள். முகவாய் நெஞ்சில் கவிழ்ந்தால் மூச்சுக்குழாய் மடங்கும், முன்னால் ஓட்டுபவருக்கு அது தெரியவே தெரியாது. ஓட்டுபவரைத் தவிர, தலையைப் பிடித்துக்கொள்ள இன்னொரு பெரியவர் வண்டியில் இருக்க வேண்டும். அதேபோல, "வரும் வழியிலேயே சிரப்பைக் கொடுத்துவிடுங்கள்" என்று வீட்டுக்கு மருந்தைக் கொடுத்தனுப்பவே கூடாது.