சம்மாந்துறை ஆலைத் தராசும் காணாமல் போன சீரியல் போர்ட்டும்

மாமாவின் அரிசி ஆலையில் நெல் மூட்டைகளின் எடையை, மின்னணுத் தராசிலிருந்து உபுண்டு 22.04 (லினக்ஸ் இயங்குதளம்) ஓடும் என் மடிக்கணினியில் நேரடியாகப் பதிய வேண்டியிருந்தது. தராசில் ஒன்பது முனை ஆர்எஸ்-232 என்ற பழைய வகை சீரியல் போர்ட். மடிக்கணினியில் அது இல்லை. சிஎச்340 சில்லுள்ள யூஎஸ்பி மாற்றியைச் செருகினேன். லினக்ஸில் அந்த போர்ட்டுக்குரிய பெயரான டிடிஒய்யூஎஸ்பி0 தோன்றவே இல்லை.

சீரியல் போர்ட்டைப் பயன்படுத்த அனுமதி தரும் டயல்அவுட் குழுவில் என் பயனர் கணக்கைச் சேர்த்தேன், பயனில்லை. கேபிளை மாற்றினேன். கல்முனையில் புதிய மாற்றி வாங்கினேன், அதே நிலை. விண்டோஸ் கணினியிலோ இரண்டு மாற்றிகளும் வேலை செய்தன. யூஎஸ்பி கருவிகளைப் பட்டியலிடும் எல்எஸ்யூஎஸ்பி கட்டளையும் மாற்றியை ஒழுங்காகக் காட்டிக்கொண்டே இருந்தது. இதுதான் ஆளைத் திசைதிருப்புகிறது.

லினக்ஸ் கருவின் செய்திகளைக் காட்டும் டிமெஸ்ஜி கட்டளையை ஓடவிட்டபடியே மாற்றியைச் செருகியபோதுதான் விடை கிடைத்தது. டிடிஒய்யூஎஸ்பி0 இணைந்தது என்று ஒரு வரி. ஓரிரு நொடியில் துண்டிக்கப்பட்டது என்று இன்னொன்று. இடையில் பிஆர்எல்டிடிஒய் என்ற பெயர். அது பார்வையற்றோருக்கான பிரெயில் கருவிகளை இயக்கும் சேவை. அப்படியொரு கருவியிலும் இதே சில்லின் அடையாள எண் இருப்பதால், என் மாற்றியையும் பிரெயில் கருவி என்று எடுத்துக்கொண்டு போர்ட்டைப் பறித்துவிடுகிறது.

எங்கள் ஆலையில் பிரெயில் கருவி இல்லை. ஆகவே உபுண்டுவில் மென்பொருளை நிறுவவும் நீக்கவும் உதவும் ஏபிடி மூலம் பிஆர்எல்டிடிஒய் பொதியை நீக்கினேன். அது தேவைப்படுவோர் நீக்க வேண்டாம்; கருவி செருகப்படும்போது என்ன செய்வது என்று சொல்லும் 85-பிஆர்எல்டிடிஒய் யூடெவ் விதிக்கோப்பில் 7523 என முடியும் அடையாளத்துக்குரிய வரியை மட்டும் முடக்கினால் போதும்.

மாற்றியைக் கழற்றிச் செருகினேன். போர்ட் நிலைத்து நின்றது. 9600 பாட் வேகத்தில் எடைகள் வரிசையாக வந்து விழுந்தன. அப்பாடா!