நாலு பேருக்குத் தேடினால் மட்டும் ஏறும் விமான டிக்கெட் விலை

ஒருவருக்குத் தேடினால் ஒரு விலை, குடும்பம் நாலு பேருக்கும் சேர்த்துத் தேடினால் தலைக்கு அதைவிடக் கூடுதல். நாள் கணக்கில் மண்டை காய்ந்தது. குக்கீயை அழித்தேன், இன்காக்னிட்டோவில் பார்த்தேன், நடுராத்திரியில் உட்கார்ந்து தேடினேன், ஒன்றும் அசையவில்லை.

அப்புறம் ஆள் எண்ணிக்கையை ஒவ்வொன்றாக ஏற்றிப் பார்த்தேன்: இரண்டு பேர் வரை மலிவு, மூன்றாவது ஆளைச் சேர்த்ததும் எல்லோருக்கும் விலை தாவியது. மலிவான கட்டண வகுப்பில் (ஒரே கேபினுக்குள்ளேயே விலை வாரியாகப் பிரித்து வைத்த சீட் தொகுப்பு) மிச்சமிருந்தது இரண்டே சீட். கேட்ட எண்ணிக்கைக்கு அது போதாவிட்டால் சிஸ்டம் மொத்தப் பேரையும் அடுத்த வகுப்புக்குத் தள்ளிவிடுகிறது. இரண்டிரண்டாகப் பிரித்து, ஒவ்வொன்றிலும் ஒரு பெரியவர், ஒரு பிள்ளை என்று போட்டேன். முதல் ஜோடிக்குப் பழைய மலிவு விலையே கிடைத்தது. கையோடு விமான நிறுவனத்தை அழைத்து, இரண்டு பிஎன்ஆரிலும் (முன்பதிவு எண்) மற்றதைக் குறித்து வைக்கச் சொன்னேன் (விமானம் ரத்தானால் ஆளுக்கொரு திசையில் போட்டுவிடக் கூடாதே).

இன்னொன்று, இதைப் பலர் கவனிப்பதில்லை. நீண்ட பயணம் என்றால் கட்டண விதிகளில் 'அதிகபட்சத் தங்கல்' வரியைப் படியுங்கள். எங்களுக்கு வந்த மலிவு வகுப்பில் அது 3 மாதம். திரும்பும் தேதி அதைத் தாண்டியதும் அந்த விலை தேடலிலிருந்தே சத்தமில்லாமல் காணாமல் போனது. தேதியைக் கொஞ்சம் முன்னே இழுத்ததும் திரும்பி வந்தது.